நிலத்துக்கு வாரிசு, கடனுக்கு வாரிசு இல்லையா?

"தாத்தா காலத்தில் பண்ணையாள் வைத்திருந்தார்கள், அதற்கு நாங்கள் என்ன செய்வது?" என்று கேட்கிறார்கள் பண்ணை வீட்டுப் பேரப்பிள்ளைகள். சேதராப்பட்டுத் தோழர்களே, இதற்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

புதுவையில் ஏழைகளை ஏமாற்றிப் பிடித்து அடிமைகளாகக் கப்பலேற்றிய கொடுமையை, ஆனந்தரங்கம் பிள்ளையின் நாட்குறிப்பு 1743-லேயே பதிந்து வைத்திருக்கிறது. மொரீஷியசுக்கும் ரீயூனியனுக்கும் அடிமைகள் போனார்கள். 1848-ல் பிரெஞ்சு சர்க்கார் தன் காலனிகளில் அடிமை முறையை ஒழித்தது. மறு வருஷமே நஷ்டஈட்டுச் சட்டம் போட்டது. யாருக்கு நஷ்டஈடு? அடிமைக்கல்ல, எஜமானனுக்கு!

நம் கிராமங்களில் அடிமைக்குப் பண்ணையாள், படியாள் என்று பெயர். கடன்தான் சங்கிலி. 1976-ம் வருஷச் சட்டம் கொத்தடிமைக் கடனை ரத்து செய்தது. ஆனால் தலைமுறை தலைமுறையாகக் கொடுக்காத கூலி எங்கே? நிலமாயிற்று, மச்சு வீடாயிற்று, பிள்ளைகளின் படிப்பாயிற்று! பட்டாவுக்கு வாரிசு என்பவர் இந்தக் கடனுக்கு மட்டும் அந்நியரா?

2009-ல் மொரீஷியஸ் உண்மை, நீதிக் கமிஷன் அமைத்து அடிமைக் கணக்கைக் கிளறியது. இங்கே கிளறுவது யார்?

நம் அணியிலும் அத்தகைய குடும்பத்தார் உண்டு, மறைக்கவில்லை. முதலில் அவர்களுக்கே சொல்கிறோம்: பழைய பத்திரங்களை வெளியே எடுங்கள். வெறும் மன்னிப்பு வேண்டாம். நிலத்தில் பங்கு, மனைப்பட்டா, நியாயக் கூலி கொடுங்கள்!

ஆலைத் தோழனே, உனக்கும் ஒரு வார்த்தை. மிஷினருகே தோளோடு தோள் நின்றவனை, ஊருக்குள் வந்ததும் சேரிக்காரன் என்று ஒதுக்கினால், அந்த அடிமைப் பத்திரத்தில் நீயும் சாட்சிக் கையெழுத்துப் போடுகிறாய். அதைக் கிழித்தெறி! நிலத்துக்கும் கூலிக்கும் நடக்கும் போரில் அவனோடு நில்!