ஹோர்ன் நகரச் சிலையும் ஒரு மதிப்பெண் வினாவும்

கொஞ்சம் நீளமான பதிவு. கோபப்படாமல் படியுங்கள்.

நெதர்லாந்தில் வேலை பார்க்கும் நம் பழைய மாணவர் ஒருவர், ஹோர்ன் என்ற பழைய துறைமுக நகரத்தில் எடுத்த படங்களைப் போன வாரம் போட்டிருந்தார். 1532இல் கட்டிய துறைமுகக் கோபுரம், 1609ஆம் ஆண்டின் எடைமண்டபம் எல்லாம் அழகு. ஊர்ச் சதுக்கத்தின் நடுவே நிற்கும் வெண்கலச் சிலைக்குக் கீழே மட்டும் "கடலை ஆண்ட மாவீரன்" என்று எழுதியிருந்தார். நீங்களும் இதயம் இதயமாகப் போட்டிருக்கிறீர்கள். என் தங்கை மகளும்தான்!

அந்த மாவீரன் யான் பீட்டர்சூன் கூன். 1587இல் அதே ஊரில் பிறந்தவர், டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் கவர்னர் ஜெனரல். அந்தக் காலத்தில் ஜாதிக்காய் விளைந்தது இந்தோனேசியாவின் பாண்டா தீவுகளில் மட்டும். கம்பெனிக்கு மட்டுமே விற்க வேண்டும் என்பதற்குத் தீவுக்காரர்கள் மசியவில்லை. 1621இல் படையோடு போனார். ஊர்த்தலைவர்கள் 44 பேரை ஜப்பானியக் கூலிப்படையை வைத்து வெட்டிக் கொன்றார்கள். சுமார் 15,000 பேர் இருந்த தீவுகளில் ஆயிரம் பேர்தான் மிஞ்சினார்கள் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. மற்றவர்கள் கொல்லப்பட்டார்கள், பட்டினியில் செத்தார்கள், தப்பி ஓடினார்கள், அடிமைகளாகப் பத்தாவியாவுக்குப் போனார்கள். தோட்டங்களில் வேலைக்கு வேறு இடங்களிலிருந்து அடிமைகளைக் கொண்டுவந்து இறக்கினார்கள்.

"சார், அது வரலாறு, அழிக்கக் கூடாது" என்பீர்கள். சிலை வைத்தது எப்போது? 1893இல். அவர் செத்து 264 வருடம் கழித்து! அப்போது டச்சுக்காரர்கள் அச்சேயில் போர் நடத்திக்கொண்டிருந்தார்கள். இப்படி ஒரு வீரன் அவர்களுக்குத் தேவைப்பட்டான், வார்த்துக்கொண்டார்கள். 2011இல் ஒரு கிரேன் இடித்துச் சிலை கீழே விழுந்தது. கடவுளே கொடுத்த சந்தர்ப்பம் என்பேன் நான். அவர்களோ பழுதுபார்த்துத் திரும்ப ஏற்றி, விமர்சனத்தையும் சொல்லும் ஒரு பலகையைப் பக்கத்தில் வைத்தார்கள். பீடம் ஓராள் உயரத்துக்கு மேல். எது கண்ணில் படும்?

அதே சதுக்கத்தில் 1632இல் கட்டிய மாளிகையில் வெஸ்ட்ஃப்ரீஸ் அருங்காட்சியகம் இருக்கிறது. அவர்கள் 2012இல் கூனை விசாரணைக் கூண்டில் நிறுத்துவதுபோல ஒரு கண்காட்சி வைத்துப் பார்வையாளர்களிடம் தீர்ப்புக் கேட்டார்கள். பெரும்பாலோர் சிலை இருக்கட்டும் என்றார்கள். வெட்டுப்பட்ட 44 பேர் வாக்குப் போட வர முடியுமா? சிலையை உருக்கச் சொல்லவில்லை. கொஞ்சம் நகர்த்தி அந்த அருங்காட்சியகத்துக்குள் வையுங்கள். சதுக்கத்தில் நின்றால் மரியாதை, உள்ளே நின்றால் சாட்சி.

உங்களைத் திட்ட எனக்கு உரிமை குறைவுதான். "பழவேற்காட்டில் கோட்டை கட்டியவர் யார்? டச்சுக்காரர்" என்று ஒரு மதிப்பெண்ணோடு முடித்தவன் நான். சுற்றுலா போனபோது டச்சுக் கல்லறை வாசலில் எலும்புக்கூடு செதுக்கிய தூணருகே படம் எடுத்துக்கொண்டோமே. சோழமண்டலக் கரைத் துணியைக் கொடுத்துத்தான் கீழைத் தீவுகளில் வாசனைச் சரக்கு வாங்கினார்கள். இந்தக் கரையிலிருந்து அடிமைகளையும் கப்பலேற்றினார்கள். இதை ஒரு வகுப்பிலும் நான் சொன்னதில்லை.

ஆகவே தம்பி, படம் இருக்கட்டும். "மாவீரன்" என்பதை மட்டும் எடுத்துவிடு. அடுத்த முறை போகும்போது அந்த அருங்காட்சியகத்துக்குள் போய்ப் படம் எடுத்துப் போடு, நான் முதல் ஆளாகப் பார்க்கிறேன்.