செல்போன் டவர் செயலிழந்தால் தென்காசிக்கு யார் செய்தி சொல்வது?

2023 டிசம்பர் வெள்ளத்தில் தென்மாவட்டங்களின் பல ஊர்களில் கரண்ட் இல்லை, செல்போன் சிக்னலும் இல்லை. அப்படியொரு ராத்திரியில் தென்காசி, குற்றாலம் பக்கம் பேட்டரி ரேடியோவைத் திருப்பினால் யார் செய்தி சொல்வார்கள்?

தனியார் எஃப்.எம்.மா? அவை சொந்தமாகச் செய்தி தயாரிக்க மத்திய அரசு அனுமதிப்பதில்லை. ஆகாசவாணி செய்தியை அப்படியே போடலாம், அவ்வளவுதான். மிஞ்சுவது 1963-ல் தொடங்கிய திருநெல்வேலி வானொலி நிலையம். அருவியில் வெள்ளம், நெல்லில் நோய் என்று பேச எந்த விளம்பரதாரர் வருவார்? அதற்குத்தான் வரிப்பணம்.

சிக்கலும் அதில்தான். ஆகாசவாணியை நடத்தும் பிரசார் பாரதி 1997 முதல் சட்டப்படி தன்னாட்சி அமைப்பு; சம்பளச் செலவைத் தருவதோ மத்திய அரசு. அரசைக் கேள்வி கேட்கும் செய்தி அதில் அபூர்வம். பிரிட்டனில் பி.பி.சி.க்கு மக்களே லைசென்ஸ் கட்டணம் கட்டுகிறார்கள். இங்கே ரேடியோ லைசென்ஸ் 1980-களிலேயே போயாச்சு. நம்ம பணம் டெல்லி வழியாகத்தான் போகுது.