காட்டுத் திட்டத்தில் பளியருக்கும் இடம் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

பளியர் பழங்குடியினரின் வன உரிமை பற்றிய உங்கள் கட்டுரையை முழுமையாக ஏற்கிறேன். 2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் பட்டாவோடு நிற்பதில்லை. சமூக வன வளத்தைக் காக்கவும் நிர்வகிக்கவும் கிராம சபைக்கு அதிகாரம் தருகிறது. இந்தப் பகுதிதான் அதிகம் பேசப்படுவதில்லை.

சிறுமலை அடிவாரத்தில் கிணற்றுப் பாசனம் செய்பவன் நான். மழை ஓய்ந்த பிறகும் எந்த ஓடையில் நீர் ஓடும், கோடையில் எந்தச் சரிவில் தீப்பிடிக்கும் என்பதையெல்லாம், தேனும் கடுக்காயும் எடுக்க மலையேறும் பளியர்களிடம் கேட்டே தெரிந்துகொண்டேன்.

எனவே, வன மேலாண்மைத் திட்டம் எழுதப்படும்போதே சிறுமலையிலும் கொடைக்கானல் கீழ்மலையிலும் பளியர் குடியிருப்புகளில் கிராம சபையைக் கூட்டி, அவர்கள் சொல்வதைத் தீர்மானமாகப் பதிவுசெய்து திட்டத்தில் சேர்க்க மாவட்ட நிர்வாகம் முன்வர வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு விவசாயி, திண்டுக்கல்.