ஹண்டிங்டன் நோயும் குழந்தைகளின் இரத்தப் பரிசோதனையும்: எமது சங்கத்தின் நிலைப்பாடு

ஹண்டிங்டன் நோய் கண்ட தகப்பனுக்கோ தாய்க்கோ பிறந்து, இன்றளவில் யாதொரு குறையுமின்றிப் பள்ளிக்குச் சென்றுவரும் குழந்தையின் இரத்தத்தைச் சோதித்து, அந்நோய் பிற்காலத்தில் அதற்கும் வருமா வராதா என்று இப்பொழுதே தெரிந்துகொள்ள வேண்டுமெனப் பெற்றோரும், பாட்டன் பாட்டிமாரும், சில சமயம் சம்பந்தம் பேச வருகிறவர்களுங்கூட வற்புறுத்துவதுண்டு. பதினெட்டு வயது நிரம்பாமலும் நோய்க்குறி தோன்றாமலும் இருக்கும் எவருக்கும் இப்பரிசோதனை செய்யலாகாது என்பதும், வயது வந்தவர்க்கும் அவராகவே விரும்பிக் கேட்டாலன்றிச் செய்யலாகாது என்பதும் எமது சங்கத்தின் தீர்மானமான அபிப்பிராயம்.

நோயின் சுபாவத்தை அறியாதவர்க்கு இது கடுமையாகத் தோன்றலாம். பெரும்பாலும் முப்பதுக்கும் ஐம்பதுக்கும் இடைப்பட்ட பிராயத்தில், குடும்பமும் உத்தியோகமும் நிலைபெற்ற சமயத்தில், காரணமற்ற கோபமாகவோ மனச்சோர்வாகவோ இது தலைகாட்டுகிறது. பின்னர் விரல்களும் தோள்களும் முகமும் தாமாகவே அசையத் தொடங்குகின்றன. நாக்கை நீட்டி அப்படியே வைத்திருக்கச் சொன்னால் நோயாளியால் சில விநாடிகளுக்குமேல் இயலாது. வைத்தியர் தம் விரல்களைக் கொடுத்து அழுத்திப் பிடிக்கச் சொன்னால், பிடி, பால் கறப்பவர் கையைப்போல் இறுகியும் தளர்ந்தும் மாறிக்கொண்டேயிருக்கும். நடை தள்ளாடுவதைக் கண்டு, காலையிலேயே குடித்துவிட்டு வருகிறான் என்று தெருவார் பேசுவதைக் கேளாத குடும்பம் எம்மிடையே அரிது. பின்னர் விழுங்குவதே பெரும்பாடாகி, பதினைந்து இருபது ஆண்டுகளில் நோய் உயிரைக் கொண்டுபோகிறது. அசைவைக் குறைக்க டெட்ராபெனசின் போன்ற மருந்துகள் உண்டு. நோயின் போக்கை நிறுத்துவதற்கு இன்றளவும் நிரூபணமான சிகிச்சை இல்லை.

ஜார்ஜ் ஹண்டிங்டன் என்னும் அமெரிக்க வைத்தியர், லாங் ஐலண்டில் வைத்தியராயிருந்த தம் தந்தையாருடன் சிறுவயதில் வண்டியில் சென்றபோது, நெட்டையாய் உடல் வற்றிப்போன தாயும் மகளும் வளைந்து நெளிந்து முகத்தைக் கோணிக்கொண்டு சாலையில் வந்த காட்சியைக் கண்டு திகைத்தார். அவ்வூர்க் குடும்பங்களைப் பற்றிப் பாட்டனாரும் தந்தையாரும் அறிந்து குறித்தவற்றைத் துணைக்கொண்டு 1872-ல் அவர் எழுதிய கட்டுரை, பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் பிள்ளைகளுக்கு வரக்கூடும் என்பதையும், ஒரு பிள்ளை நோயின்றி வாழ்ந்து முடித்தால் அதன் சந்ததிக்கு அச்சமில்லை என்பதையும், மெண்டலின் விதிகளை உலகம் கவனிப்பதற்கு ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் முன்னதாகவே தெளிவாகச் சொல்லிவிட்டது.

ஆண் பெண் பேதமின்றி ஒவ்வொரு பிள்ளைக்கும் வாய்ப்புச் சரிபாதி. மூத்தவனுக்கு வந்துவிட்டது, ஆகையால் இளையவன் தப்பினான் என்று கணக்கிடுவது வீண். சொந்தத்தில் பெண் எடுத்ததால் வந்த வினை என்று மருமகளைப் பழிப்பதோ வீண் மட்டுமன்று, அநியாயமுங்கூட. ஒரு பெற்றோரிடமிருந்து வந்தாலே போதுமான இந்நோய்க்கு உறவில் மணப்பதும் அந்நியத்தில் மணப்பதும் ஒன்றே.

வெனிசுவேலாவின் மரக்காய்போ ஏரிக்கரையில் இந்நோய் தலைமுறை தலைமுறையாய்த் தொடர்ந்த பெருங்குடும்பங்கள் தந்த இரத்தத்தின் துணையாலேயே, நோய்க்குரிய மரபணு நான்காம் குரோமோசோமில் இருப்பது 1983-ல் புலப்பட்டு, 1993-ல் அந்த மரபணுவே கைக்கு அகப்பட்டது. சி.ஏ.ஜி. என்னும் எழுத்துத் தொடர் அதில் நாற்பது தடவையோ அதற்கு மேலோ திரும்ப வந்தால், சராசரி ஆயுள் வாழ்பவருக்கு நோய் ஏறத்தாழ நிச்சயம். முப்பத்தாறு முதல் முப்பத்தொன்பது வரையானால் வரலாம், வராமலும் போகலாம். அவ்வாராய்ச்சியை முன்னின்று நடத்திய நான்சி வெக்ஸ்லரின் தாயார் இந்நோயாலேயே இறந்தவர். அப்பரிசோதனையைத் தாமே செய்துகொண்டாரா என்ற கேள்விக்கு அவ்வம்மையார் நெடுங்காலம் பகிரங்கமாக விடை தரவில்லை. தமக்கு நோய் கண்டிருப்பதை 2020-ல்தான் வெளியிட்டார். பரிசோதனை கைக்கெட்டியபின் பல நாடுகளிலும் அதை நாடி வந்தவர்கள், வாய்ப்புள்ளவர்களில் சிறுபான்மையினரே. அறியாமலிருக்க விரும்புவதைக் கோழைத்தனம் என்று எமது சங்கம் கருதவில்லை.

முன்கூட்டி அறிவது நல்லதுதானே என்பார்க்கு வில்சன் நோயைக் காட்டுவோம். அதுவும் பரம்பரையாக வருவது. செம்பு ஈரலிலும் மூளையிலும் தேங்கி நடுக்கத்தையும் பேச்சுக் குழறலையும் உண்டாக்குவது. தாய் தந்தை இருவரிடமிருந்தும் வந்தாலன்றித் தோன்றாதாகையால், சொந்தத்தில் மணக்கும் நம் குடும்பங்கள் உண்மையில் அஞ்ச வேண்டியது அதற்கே. அங்கே ஒரு பிள்ளைக்குக் கண்டால் உடன்பிறந்தோரைத் தாமதமின்றிச் சோதிப்பது பெற்றோரின் கடமை. அறிகுறி தோன்றுமுன் பெனிசிலமினோ துத்தநாகமோ தொடங்கினால் அப்பிள்ளைகள் சுகமாக வாழலாம். ஹண்டிங்டன் நோயிலோ, பத்து வயதுப் பிள்ளைக்கு அச்செய்தியால் ஆகும் பிரயோஜனம் யாதொன்றுமில்லை. வாழ்நாளெல்லாம் அதைச் சுமக்க வேண்டியதோ அப்பிள்ளையே. படிப்புக்குச் செலவழிக்குமுன் தெரிய வேண்டாமா, வரன் பார்க்குமுன் தெரிய வேண்டாமா என்னும் கேள்விகளில், பெண் குழந்தையானால் முதலில் கேட்கப்படுவது எது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. அவ்விரண்டும் பெரியவர்களின் சௌகரியத்தைப் பற்றியவை.

இருபது வயதுக்கு முன்னரே உடல் விறைப்பு, வலிப்பு, படிப்பில் சரிவு என்று நோய் வெளிப்படும் பிள்ளைகளும் சிலர் உண்டு. அவர்களுக்கு வைத்தியர் செய்யும் சோதனையை இத்தடை கட்டுப்படுத்தாது.

சர்வதேச ஹண்டிங்டன் சங்கமும் உலக நரம்பியல் சம்மேளனமும் 1994-ல் வகுத்த நெறிகளும் வயது வந்தவர்க்கே பரிசோதனை என்கின்றன. முன்னதாக ஆலோசனை, நம்பிக்கையான ஒருவர் துணை, முடிவை நேரில் சொல்லுதல் ஆகியவற்றையும் அவை வேண்டுகின்றன. இவற்றைப் பரிசோதனைக் கூடங்கள் பின்பற்ற வேண்டும் என்றும், மரபணு முடிவைக் காட்டி வேலையோ காப்பீடோ மறுப்பதைத் தெளிவாகத் தடுக்கும் சட்டத்தை அரசாங்கம் இயற்ற வேண்டும் என்றும் கோருகிறோம்.

பெற்றோர்க்கு ஒரு விண்ணப்பம். பரிசோதனை வேண்டாமென்று சொன்ன நாங்கள் பேச்சே வேண்டாமென்று சொல்லவில்லை. அப்பாவின் கை ஏன் இப்படி ஆடுகிறது என்று பிள்ளை கேட்கும் நாளில் நோயின் பெயரையே சொல்லுங்கள். அது எவருடைய பாபத்தாலும் வந்ததன்று என்று சொல்லுங்கள். தனக்கு அது உண்டா என்று அறிவதும் அறியாதிருப்பதும் வளர்ந்தபின் அப்பிள்ளையின் இஷ்டமே என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.