வாடை எழும்பும் நாளில் பாக் விரிகுடா

கோட்டைப்பட்டினம் கரையில் முதன்முறை வந்து நிற்பவருக்கு எதிரே இருப்பது கடல் என்றே தோன்றாது. சித்திரை வைகாசியில் தண்ணீர் நிறைந்த கவிநாட்டுக் கண்மாய் போல அசையாமல் கிடக்கும். ஓசையில்லை, நுரையில்லை. நெடுந்தூரம் இறங்கி நடந்தாலும் தண்ணீர் இடுப்புக்கு மேல் ஏறுவதில்லை.

ஏரி என்று நினைப்பதில் பெரிய தவறும் கிடையாது. பாக் விரிகுடாவைக் கிழக்கே யாழ்ப்பாணமும் தெற்கே ராமேசுவரம் தீவும் மணல்திட்டுகளும் அணைத்து நிற்கின்றன. பெருங்கடலின் அலைகள் உள்ளே எளிதில் வருவதில்லை. சராசரி ஆழம் 9 மீட்டர் அளவுதான். கட்டுமாவடி முதல் முத்துக்குடா வரையான புதுக்கோட்டைக் கரை முழுக்க இந்த அமைதியான முகத்தைத்தான் வெளியூர்க்காரர்கள் பார்க்கிறார்கள்.

ஆழம் குறைவுதானே, என்ன ஆகிவிடும் என்ற துணிச்சல் அங்கேதான் பிறக்கிறது. அதுதான் ஆபத்தும்கூட.

ஆழ்கடலில் அலை நீளமாக வரும். படகு ஏறி இறங்க அவகாசம் கிடைக்கும். இங்கே காற்று கிளப்பும் அலைகள் குட்டையானவை, செங்குத்தானவை, நெருக்கமானவை. ஒன்றிலிருந்து முகப்பு நிமிர்வதற்குள் அடுத்தது வந்து அறையும். படகோட்டி வேகத்தைக் குறைத்து, முகப்பைக் காற்றுக்கு நேராகப் பிடித்தே செல்ல வேண்டும். பக்கவாட்டில் திரும்பினால் தண்ணீர் உள்ளே கொட்டும். அலைக்குக் காரணம் உள்ளூர்க் காற்றே என்பதால் சில மணி நேரத்திலேயே எல்லாம் மாறிவிடும். விடியலில் கண்ணாடியாக இருந்த நீர் மதியத்தில் தூக்கிப் போடும். வட அமெரிக்காவின் ஐம்பெரும் ஏரிகளில் மிக ஆழம் குறைந்தது ஈரி. சராசரி 19 மீட்டர்தான். சட்டென்று கொந்தளிப்பதில் பேர்போனதும் அதுதான். பாக் விரிகுடாவின் ஆழம் அதில் பாதி.

தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் மன்னார் வளைகுடா குமுறும். நிலத்தின் மறைவில் இந்தப் பக்கம் ஓரளவு அடங்கியிருக்கும். ஐப்பசி பிறந்து வாடை வீசத் தொடங்கியதும் நிலைமை தலைகீழ். 2018 நவம்பர் 16 அதிகாலை கரையேறிய கஜா புயல் இந்த மாவட்டத்தை என்ன செய்தது என்பதைப் புதுக்கோட்டைக்காரர்களுக்கு நினைவூட்டத் தேவையில்லை. ஆனால் சுற்றுலாப் பயணிகளை ஏற்றும் சவாரிப் படகைத் தடுமாறவைக்கப் புயல் வேண்டியதில்லை, பலத்த வாடையே போதும். முத்துக்குடாவில் அலையாத்தி மரங்களின் மறைவில் போகும்வரை காற்றின் பலம் தெரியாது; மறைவைத் தாண்டித் திறந்த நீருக்கு வந்ததும் படகு துள்ளும். பயந்துபோய் நாலு பேர் எழுந்து நின்றால், அல்லது கூட்டமாக ஒரு பக்கம் சாய்ந்தால், படகோட்டியின் கையில் எதுவும் இருக்காது.

இது வெறும் அச்சம் அல்ல. 2009 செப்டம்பர் 30 அன்று தேக்கடி ஏரியில் 'ஜலகன்யகா' படகு கவிழ்ந்து 45 பேர் இறந்தார்கள். விலங்குகளைப் பார்க்கப் பயணிகள் ஒரே பக்கம் திரண்டதும் காரணங்களில் ஒன்றாகச் சொல்லப்பட்டது. 2011 கிறிஸ்துமஸ் அன்று பழவேற்காடு ஏரியில் உல்லாசமாகப் போன படகு கவிழ்ந்து 22 பேர் மாண்டார்கள். இரண்டுமே பெருங்கடல் அல்ல.

பலத்த காற்று வீசும் நாட்களில் மீனவர்கள் கடலுக்குச் செல்ல வேண்டாம் என்று வானிலை மையம் எச்சரிக்கிறது. தலைமுறையாகக் கடலை அறிந்தவருக்கே அந்த எச்சரிக்கை என்றால், நீச்சல் தெரியாத குழந்தைகளை ஏற்றும் படகுக்கு அது இன்னும் கண்டிப்பாகப் பொருந்த வேண்டும். சீட்டு கொடுக்கும் இடத்திலேயே அன்றைய காற்றின் வேகத்தைப் பலகையில் எழுதி வைக்கலாம். உயிர்காப்பு அங்கியின் கடைசி வார் வரை இறுக்கிய பிறகே இன்ஜினை முடுக்கலாம். இரண்டுக்கும் பெரிய செலவு ஏதும் ஆகாது. அடுத்த ஐப்பசிக்குள் செய்துவிட முடியும்.