சிறு வளையம், ஏழு உயிர்கள்

இரு பாகங்கள் பொருந்துமிடத்திற் கசிவைத் தடுப்பது இறப்பர் வளையம். அழுத்தினால் நசுங்கி, விட்டதும் மீண்டெழுவதே அதன் உயிர். குளிரில் இறப்பர் விறைத்து அவ்வாற்றல் குன்றும் என்பதை நாம் மறத்தலாகாது.

1986 ஜனவரி 28ஆந் திகதி அமெரிக்காவில் 'சலெஞ்சர்' விண்ணோடம் ஏவப்பட்டபோது வெப்பநிலை ஏறத்தாழ 2 பாகை செல்சியஸ். குளிரில் ஏவவேண்டாமென எந்திரவியலாளர் முன்னிரவே எச்சரித்தனர். அவர்கள் சொல் அம்பலம் ஏறவில்லை. ஏவுகணை மூட்டின் வளையம் விறைத்தது, தீவாயு கசிந்தது, 73 வினாடிகளில் விண்ணோடம் சிதைந்தது. எழுவரும் மாண்டனர். பின்னர் விசாரணையில், பௌதிக அறிஞர் பெயின்மன் அத்தகைய இறப்பரை நெருக்கிப் பனிக்கட்டி நீரில் அமிழ்த்தி, அது உடனே மீண்டெழாமையைக் காட்டினார்.

ஆகவே, வளையத்தைத் தெரியும்போது அளவை மட்டுமன்றி, அது தாங்கவேண்டிய வெப்பத்தையும் குளிரையும் ஆராய்வோம். நம் வீட்டு பிறஷர் குக்கரின் வளையமும் விறைத்தாலோ வெடித்தாலோ, தாமதியாது மாற்றுவோம்.