இங்கேயே பிறந்த பிள்ளை எந்த எல்லையைத் தாண்டி வந்தது?



ஒரு பிள்ளை கும்மிடிப்பூண்டி முகாமில் வளருது. பிறந்தது நம்ம ஊர் அரசு மருத்துவமனை. படிச்சது அரசுப் பள்ளி. பேசுறது நம்ம தமிழ். இலங்கையைப் படத்தில் மட்டும்தான் பார்த்திருக்கு. இந்திய அரசின் ஏட்டில் அந்தப் பிள்ளைக்கு என்ன பெயர் தெரியுமா? சட்டவிரோதக் குடியேறியின் பிள்ளை. இந்தியாவிலும் குடிமகன் இல்லை, இலங்கைக் கடவுச்சீட்டும் இல்லை.

2003இல் கொண்டுவந்த குடியுரிமைத் திருத்தம் 2004 டிசம்பர் 3 அன்று நடைமுறைக்கு வந்தது. செல்லத்தக்க பாஸ்போர்ட் இல்லாமல் "நுழைந்த" வெளிநாட்டவர் எல்லாரும் சட்டவிரோதக் குடியேறி என்கிறது அது. அந்த முத்திரை விழுந்துட்டா பதிவு மூலமும் குடியுரிமை கேட்க முடியாது, இத்தனை வருஷம் வாழ்ந்தோம்னு சொல்லியும் கேட்க முடியாது. அன்றைக்குப் பிறகு இங்கே பிறக்கும் குழந்தைக்கு, அப்பா அம்மா இரண்டு பேரில் ஒருத்தர் இந்தியராகவே இருந்தாலும், இன்னொருத்தர் மேல் அந்த முத்திரை இருந்தா பிறப்புக் குடியுரிமை கிடையாது. முகாம்காரரைக் கட்டின நம்ம ஊர்ப் பொண்ணோட பிள்ளைக்கும் இதே கதிதான்.

1983 ஜூலையில் வீடு எரிஞ்சு, படகேறி மண்டபத்தில் வந்து இறங்கினவங்க பாஸ்போர்ட் ஆபீஸில் வரிசையில் நின்னுட்டு வந்திருக்கணும்னு டெல்லி எதிர்பார்க்குதா? சரி, பெரியவங்க கடல் தாண்டி வந்தாங்க. பிள்ளை எதைத் தாண்டுச்சு?

தேதியின் விளையாட்டைப் பாருங்க. 1987 ஜூன் 30 வரை இந்த மண்ணில் பிறந்தவர், பெற்றோர் யாராக இருந்தாலும், இந்தியக் குடிமகன். ஜூலை 1 அன்று பிறந்தவருக்கு வேறு சட்டம். 1986இல் மண்டபம் முகாமில் பிறந்த ஒரு பெண் பாஸ்போர்ட் கேட்டு உயர்நீதிமன்ற மதுரைக் கிளைக்குப் போய், 2022இல் சாதகமான தீர்ப்பு வாங்கினார். 2024 தேர்தலில் திருச்சி கொட்டப்பட்டு முகாமிலிருந்து போய் ஓட்டும் போட்டார். அவருக்கு வாழ்த்துகள். ஆனா சட்டம் தெளிவா எழுதி வெச்ச உரிமைக்கே 36 வயசு வரைக்கும் காத்திருந்து கோர்ட் ஏறணும்னா, சட்டமே கைவிட்ட பிள்ளைகள் எங்கே போவாங்க?

பள்ளிக்கூட விஷயத்தில் நம் அரசியல் சாசனம் பெருந்தன்மையாகவே இருக்கு. சாசனம் சொல்தேர்வில் ரொம்பக் கவனமானது. அரசு வேலை வாய்ப்பைப் பற்றிப் பேசும் 16ஆவது பிரிவு "குடிமக்கள்" என்கிறது. சமத்துவம் பேசும் 14, உயிரும் சுதந்திரமும் பேசும் 21, இரண்டும் "எந்த நபருக்கும்" என்கின்றன. 21-ஏ 6 முதல் 14 வயது வரை உள்ள "எல்லாக் குழந்தைகளுக்கும்" இலவசக் கட்டாயக் கல்வி என்கிறது. குடிமகனின் குழந்தைன்னு எழுதலை. 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 14ஆவது பிரிவு, வயதுச் சான்று இல்லை என்று எந்தக் குழந்தைக்கும் சேர்க்கையை மறுக்கக் கூடாது என்கிறது.

தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகள் முகாம் பிள்ளைகளைச் சேர்த்துக்கிட்டாங்க. நம்ம டீச்சர்கள் சோறும் பாடமும் பாகுபாடு இல்லாமல் கொடுத்தாங்க. அதில் நமக்குப் பெருமை உண்டு. கதவு மூடுவது அதற்கப்புறம். ப்ளஸ் டூ முடிச்சு, டிகிரி முடிச்சு வெளியே வந்தா டி.என்.பி.எஸ்.சி. எழுத முடியாது, பாஸ்போர்ட் கிடையாது. பொறியியல் படிச்ச பையன் பெயிண்ட் அடிக்கப் போறான். முகாம்களில் போய்க் கேளுங்க, தெருவுக்கு ஒருத்தர் சொல்வாங்க. இதைப் பார்த்து வளர்ற தம்பி எட்டாம் வகுப்பிலேயே "படிச்சு என்ன ஆகப் போகுது" என்கிறான். என்ன பதில் சொல்வீங்க?

2019 திருத்தச் சட்டம் என்ன செய்தது? பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தானிலிருந்து 2014 டிசம்பர் 31க்குள் வந்த ஆறு மதத்தவரை "சட்டவிரோதக் குடியேறியாகக் கருதப்பட மாட்டார்" என்று ஒரு நிபந்தனையைச் சேர்த்தது. இஸ்லாமியரை விட்டார்கள். இலங்கையை மொத்தமாக விட்டார்கள். மாநிலங்களவையில் 125க்கு 105. தமிழ்நாட்டிலிருந்து போனவர்களிலும் சிலர் ஆதரவாக ஓட்டுப் போட்டாங்க, மறந்துடாதீங்க. ஆக, மனசு இருந்தா ஒரே வாக்கியத்தில் முத்திரையை அழிக்க முடியும்னு அவர்களே காட்டிட்டாங்க. 2025 செப்டம்பரில், 2015 ஜனவரி 9 வரை வந்து பதிவு செய்த இலங்கைத் தமிழருக்குப் பாஸ்போர்ட், விசா இல்லாததற்கான தண்டனையிலிருந்து விலக்கு கொடுத்தாங்க. நல்லதுதான். ஆனா ஜெயிலுக்கு அனுப்ப மாட்டோம் என்பது குடியுரிமை ஆகாது.

நம்ம ஆட்களிலேயே சிலர் கேட்கிறாங்க: "ஈழப் பிள்ளைக்குச் சரி, ரோஹிங்யா பிள்ளைக்கு ஏன் பள்ளி?" தோழர், இந்தக் கேள்வியை நாம கேட்கக் கூடாது. நம்மைப் பார்த்து டெல்லி கேட்கிற அதே கேள்வி அது. 2025 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றமே ரோஹிங்யா குழந்தைகள் அரசுப் பள்ளிகளை அணுகட்டும், மறுத்தால் உயர் நீதிமன்றம் போகட்டும் என்றது. அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலம் 1975இல் ஆவணமில்லாத பிள்ளைகளுக்கான பள்ளி நிதியை நிறுத்தியது. டைலர் நகரப் பள்ளி நிர்வாகம் தலைக்கு ஆயிரம் டாலர் கட்டணம் கேட்டது. 1982இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் அதைச் செல்லாது என்றது. ஐந்துக்கு நான்கு, ஒரே ஓட்டு வித்தியாசம்! அங்கேயும் வழக்கு நின்றது "எந்த நபருக்கும்" என்ற சொல்லின் மேல்தான்.

"எங்க வரிப்பணம்" என்போருக்கு: முகாமில் வாங்குற சோப்புக்கும் ஜி.எஸ்.டி. உண்டு.

நம் கோரிக்கை இதுதான். இந்தியாவில் பிறந்த எந்தக் குழந்தையையும் சட்டவிரோதக் குடியேறி என்ற வரையறையின் பேரால் தண்டிக்காத திருத்தம் நாடாளுமன்றத்தில் வரணும், மதம் கேட்காமல், நாடு கேட்காமல். உங்கள் தொகுதி எம்.பி.க்கு இந்த வாரமே கடிதம் எழுதுங்க. உங்க பகுதிப் பள்ளி ஏதாவது ஆவணம் இல்லைன்னு ஒரு பிள்ளையைத் திருப்பி அனுப்பினா, 14ஆவது பிரிவைக் காட்டிக் கேளுங்க, மறுப்பை எழுத்தில் வாங்குங்க, நம் மாவட்ட வழக்கறிஞர் அணியிடம் கொடுங்க.

#பிறந்தமண்ணில்_குடியுரிமை